மூட்டத்துக்கு வெளியே எரிவது

ஐந்து கிலோ விறகை மூட்டம் போட்டால் ஒரு கிலோ கரி கிடைக்கும். நன்றாகக் காய்ந்த கட்டை, கைதேர்ந்த ஆள், காற்றடிக்காத வாரம் எல்லாம் கூடிவந்தால் நாலு கிலோவுக்கு ஒன்று தேறும். ஈரக்கட்டையும் அவசரமும் சேர்ந்துகொண்டால் எட்டுக்கு ஒன்றாகக்கூட இறங்கும். ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரியாக்கும் எவருக்கும் இது மனப்பாடக் கணக்கு. அந்த மீதி நாலு கிலோ எங்கே போனது என்று கேட்டுப் போனால்தான் விவகாரம் விரிகிறது. மூட்டத்துக்குள் தொடங்கும் கேள்வி கண்மாய்க்கும், டீக்கடைக்கும், உயர் நீதிமன்றத்துக்கும், எத்தியோப்பியாவுக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் மூட்டத்துக்குள்ளே பார்ப்போம். வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, சந்துகளில் சுள்ளி செருகி, மேலே தழை பரப்பி, அதன்மேல் ஈரமண் பூசி மூடுகிறார்கள். ஒரு வாயில் தீ வைக்கிறார்கள். அடியில் சில ஓட்டைகள், அவ்வளவுதான் காற்றுக்கு வழி. எரிய விடக் கூடாது, அணையவும் விடக் கூடாது. பல நாள் இரவும் பகலும் ஒருவர் கூடவே இருந்து, மண் விரிந்த இடத்தை அடைத்து, ஓட்டையைத் திறந்து மூடி, தீயை நடத்திக்கொண்டு போக வேண்டும். அவருக்கு வெப்பமானி கிடையாது. புகைதான் கருவி. முதலில் வரும் கெட்டியான வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. பிறகு மஞ்சள் தட்டி, கண்ணைக் கரிக்கும் புகை வரும். அப்போது மரம் உடைந்துகொண்டிருக்கிறது. கடைசியில் மெல்லிய நீலப்புகை எழுந்தால் வேலை முடிந்தது, ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட வேண்டும். இதற்குமேல் ஒரு மணி நேரம் அசந்தாலும் எரிவது கரிதான்.

புகையின் நிறத்துக்குப் பின்னால் உள்ள வேதியியல் எளிது. 100 டிகிரியைத் தாண்டும்வரை உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறுகிறது. 200-லிருந்து 350 டிகிரிக்குள் ஹெமிசெல்லுலோஸும் செல்லுலோஸும் சிதைகின்றன; லிக்னின் மெதுவாக 500 டிகிரிவரை சிதைந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ 280 டிகிரியில் ஒரு திருப்பம் உண்டு: அதுவரை வெப்பத்தைக் கேட்டு வாங்கிய மரம், அதன் பிறகு தானே வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. புகையோடு கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், அசெட்டிக் அமிலம், மெத்தனால், தார் எல்லாம் பறந்துபோகின்றன. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். ஐந்து கிலோ விறகில் இருந்த இரண்டு கிலோ சொச்சம் கார்பனில், மூட்டையில் ஏறும் கரிக்குள் இருப்பது முக்கால் கிலோ சொச்சம்தான். மிச்சம் வானத்தில்.

ஆற்றல் கணக்கும் இதே கதைதான். வெயிலில் காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் இருக்கும். நல்ல கரியில் சுமார் 29. அதாவது 75 மெகாஜூலைப் போட்டு 29 எடுக்கிறோம். நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை. இதை மட்டும் பார்க்கும் ஒரு பொறியாளர், மூட்டத்தை ஒழித்து இரும்பு உலை வையுங்கள் என்பார். வாயு வெளியேறாமல் பிடித்து, அதையே திருப்பி எரித்து மரத்தைச் சூடாக்கும் உலைகளில் நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து பங்கு கரி கிடைப்பது உண்மை. அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் அவர் கோடு கிழித்த இடம் மூட்டத்தின் மண்சுவர். கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டுப் பார்க்கலாம்.

பாதிக்கு மேல் வீணாகும் என்று தெரிந்தும் ஏன் கரியாக்குகிறார்கள்? தூரத்துக்கு அனுப்பத்தான் என்பது வழக்கமான பதில். எடை குறைகிறது, கரையான் அரிக்காது, மக்காது. சரி, கமுதிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு 550 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து டன் கரி ஏற்றிய லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடினால் 140 லிட்டர் டீசல் ஆகும். டீசல் லிட்டருக்கு 36 மெகாஜூல். ஆக ஏறத்தாழ 5,000 மெகாஜூல். இதே வெப்பத்தை விறகாகவே அனுப்பியிருந்தால் இரண்டு லோடு, 10,000 மெகாஜூல். கரியாக்கியதால் டீசலில் மிச்சம் 5,000. அந்தப் பத்து டன் கரியைச் செய்ய மூட்டத்தில் விட்டது எவ்வளவு? ஐம்பது டன் விறகின் 7,50,000 மெகாஜூலில் கரிக்குள் வந்தது 2,90,000. போனது 4,60,000. ஐந்தாயிரத்தை மிச்சம் பிடிக்க நாலரை லட்சத்துக்கு மேல் செலவு! ஆற்றலை மட்டும் எண்ணினால் இது பைத்தியக்காரத்தனம். பணத்தை எண்ணினால் இல்லை, ஏனென்றால் டீசலுக்கும் லாரி வாடகைக்கும் கைக்காசு போக வேண்டும். புகையாகப் போகும் மரத்துக்குப் பல இடங்களில் விலையே கிடையாது. விலையில்லாத பொருள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி, அடுப்பின்மேல் இருக்கும் பாத்திரம்வரை கொண்டுபோனால் காட்சி மறுபடி மாறுகிறது. மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்துதான் பாத்திரத்துக்குள் போகும். குமுட்டி அடுப்பில் கரி எரிந்தால் இருபது, இருபத்தைந்து போகும். காட்டில் 100 மெகாஜூல் விறகோடு தொடங்குவோம். நேரே அடுப்பில் வைத்தால் பாத்திரத்துக்கு 10 முதல் 15 சேரும். கரியாக்கினால் 38 ஆகச் சுருங்கி, அதில் கால்பங்கு பாத்திரத்துக்குப் போக, ஏறக்குறைய 10. மூட்டத்துக்குள் பூதாகாரமாகத் தெரிந்த இழப்பு, பாத்திரம்வரை எண்ணும்போது பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. ஆனால் இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. நல்ல காற்றோட்டமுள்ள மேம்பட்ட விறகு அடுப்பு நூற்றுக்கு முப்பதைப் பாத்திரத்துக்குத் தரும். மூட்டத்தைத் திருத்துவதில் கிடைக்கும் லாபத்தைவிட அடுப்பைத் திருத்துவதில் கிடைப்பது பெரிது. அதற்கு ஆகும் செலவும் குறைவு.

புகை இந்தக் கணக்கில் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்து டீக்கடை பாய்லரும் தந்தூரி அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் கரியைக் கேட்பது வெப்பத்துக்காக மட்டுமில்லை, புகையாத வெப்பத்துக்காக. அந்தப் புகை காணாமல் போய்விடவில்லை. கடைத்தெருவில் எழ வேண்டியது, மூட்டத்தின் அருகே ராத்தூக்கம் முழிக்கும் ஒருவரின் நெஞ்சுக்குள் முன்கூட்டியே இறங்கிவிட்டது. கரி வாங்குகிறவர் வெப்பத்துக்குக் காசு கொடுக்கிறார். புகையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. (கரியிலும் நஞ்சு உண்டு. மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கினால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.)

இப்படிக் கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்ப்பதைத்தான் அமைப்புச் சிந்தனை என்கிறார்கள். எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். அவருடைய வழியில் வந்த டொனெல்லா மெடோஸ் 1972-ல் வெளியான ‘லிமிட்ஸ் டு குரோத்’ நூலின் ஆசிரியர்களில் ஒருவர். இந்தச் சிந்தனை முறையைச் சாதாரண வாசகருக்காக அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்த பிறகு 2008-ல் வந்தது. அவர்கள் தேடச் சொல்வது நாலு விஷயங்கள்: இருப்பு எது, அதில் வருவதும் போவதும் எவ்வளவு, எந்த விளைவு சுற்றித் திரும்பிவந்து தன் காரணத்தையே கூட்டுகிறது அல்லது குறைக்கிறது, நடுவில் எவ்வளவு தாமதம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் விறகு விஷயத்தில் பெரும்பாலான திட்டங்கள் சறுக்கியது இயந்திரத்தில் இல்லை, இந்த நாலில் ஏதோ ஒன்றில்.

தாமதத்தை எடுத்துக்கொள்வோம். இப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். அந்தக் கிலோவில் எரியக்கூடிய மரம் அரை கிலோ. அது தரும் வெப்பத்திலும் ஒரு பங்கு மீதி அரை கிலோ தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். கைக்கு வருவது எட்டு மெகாஜூல். அதே மரத்தைச் சில மாதம் வெயிலில் போட்டால் ஈரம் பதினைந்து சதவீதத்துக்கு இறங்கி, கிலோவுக்குப் பதினைந்து மெகாஜூல் ஆகிறது. ராமநாதபுரத்து வெயிலுக்கு வாடகை கிடையாது. மூட்டத் தொழிலில் இதைவிட மலிவான முன்னேற்றம் எதுவும் இருக்க முடியாது. பிறகு ஏன் ஈரக்கட்டை மூட்டத்துக்குள் போகிறது?

காய வைப்பது என்றால் காத்திருப்பது. காத்திருப்பது என்றால் பணம் முடங்குவது. வெட்டுக்கூலிக்கு முன்பணம் வாங்கியவருக்கும், கொடுத்தவருக்கும் பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் மூட்டத்தைப் பிரித்தாக வேண்டும். அவசரத்தில் ஈரக்கட்டையை அடுக்கினால், தன்னைக் காய வைத்துக்கொள்ளவே மரம் தன்னில் ஒரு பகுதியை எரித்துக்கொள்கிறது. கரி குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மேலும் வெட்ட வேண்டும், அதற்கு மேலும் முன்பணம். கடன் ஈரத்தையும் ஈரம் கடனையும் வளர்க்கும் சுற்று இது. தமிழ்நாட்டில் விறகு வெட்டும் வேலையிலும் கரி மூட்டங்களிலும் முன்பணத்தில் சிக்கிய கொத்தடிமைத் தொழிலாளர்கள், குறிப்பாக இருளர் குடும்பங்கள், மீட்கப்பட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. வெப்பவியல் பாடப்புத்தகத்தில் வட்டி விகிதத்துக்கு இடமில்லை. மூட்டத்தின் திறனை நிர்ணயிக்கும் எண்களில் அதுவும் ஒன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

புகையைப் பிடிக்கலாமே என்று கேட்கலாம். பிடித்திருக்கிறார்கள், அதுவும் பக்கத்து மாநிலத்தில். மைசூர் சமஸ்தானம் பத்ராவதியில் கட்டி 1923-ல் உற்பத்தி தொடங்கிய ஆலையின் முதல் பெயரே ‘மைசூர் வுட் டிஸ்டிலேஷன் அண்ட் அயர்ன் வொர்க்ஸ்’. விஸ்வேஸ்வரய்யாவின் பெயரைப் பிற்காலத்தில் தாங்கிய அதே இரும்பாலை. இரும்பை உருக்க நிலக்கரி அருகில் இல்லை. மலைநாட்டுக் காடு இருந்தது. மரத்தை மூடிய கலன்களில் கரியாக்கி, கரியை ஊது உலைக்கு அனுப்பி, புகையைக் குளிரவைத்து மெத்தனால், அசெட்டிக் அமிலத்தின் சுண்ணாம்பு உப்பு, தார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பது திட்டம். ஒரு மரத்துக்கு நாலு வருமானம். காகிதத்தில் குறையே சொல்ல முடியாது.

அதே 1923-ல் ஜெர்மனியின் லொய்னாவில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம், கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்து மெத்தனாலைச் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்கியது. மரத்திலிருந்து வடித்த மெத்தனாலுக்கு உலகம் முழுவதும் இருந்த சந்தை அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது. பத்ராவதியின் கலன்களும் காடும் அப்படியே இருந்தன. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு வினையூக்கி வேலை செய்யத் தொடங்கியதும் அவற்றின் கணக்கு மாறிவிட்டது. உபபொருளின் வருமானத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும் எந்த மர எரிபொருள் திட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. அதன் எல்லை காட்டோடு நிற்பதில்லை.

வாயுவின் கதையும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் தன் பெயரிலேயே ஒரு கரிவாயு எந்திரம் தயாரித்தது. பேருந்தின் பின்புறம் ஓர் உருளை. அதற்குள் கரி அரைகுறைக் காற்றில் எரிந்து கார்பன் மோனாக்சைடு தரும். அதையே பெட்ரோலுக்குப் பதிலாக இன்ஜின் குடிக்கும். கிளம்புவதற்கு முன் கைப்பிடியைச் சுழற்றிக் காற்றூதி நெருப்பை எழுப்ப வேண்டும். விறகை விட்டுக் கரியைப் போட்டதற்குக் காரணம் தார். விறகு வாயுவில் வரும் தார் வால்வுகளில் ஒட்டி இன்ஜினை நாசம் பண்ணும். கரியில் தார் மூட்டத்திலேயே கழிந்துவிடுகிறது. ஐரோப்பாவில் ஜார்ஜ் இம்பெர் என்ற வேதியியலாளர் 1920-களில் உருவாக்கிய கீழிழுப்பு உலை, அந்தத் தாரைச் சூடான கரிப்படுகையின் ஊடே இழுத்து உடைத்து, விறகையே நேராகப் பயன்படுத்த வழி செய்தது. இரண்டரை, மூன்று கிலோ விறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. ஸ்வீடனில் மட்டும் போர்க்காலத்தில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் கரியிலும் விறகிலும் ஓடின. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அத்தனையும் கழற்றி எறியப்பட்டன. அந்த உலைகள் வேலை செய்யாமல் போகவில்லை. அவற்றுக்காகச் சாம்பல் அள்ளவும், கரி உடைக்கவும், காலையில் அரைமணி முன்னதாக எழவும் மனிதர்களைச் சம்மதிக்க வைத்த பற்றாக்குறைதான் போய்விட்டது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் இதைப் புரிந்துகொண்டு தொடங்கியவர்கள் என்பேன். 1988-ல் தும்கூர் மாவட்டத்து ஹோசஹள்ளி என்ற சிற்றூரில் அவர்கள் விறகு வாயுவில் மின்சாரம் எடுத்தபோது, உலையோடு சேர்த்து எரிபொருளுக்கென ஒரு தோப்பையும் வளர்த்தார்கள். விளக்கு, குடிநீர், மாவு மில் என மின்சாரத்துக்கு வேலையும் ஏற்பாடு செய்தார்கள். விறகை விரல்நீளத் துண்டுகளாக வெட்டுவதும் காயவைப்பதும் யார் வேலை, மாதக் கட்டணம் எவ்வளவு என்பதும் உலையின் வரைபடத்தளவு முக்கியமாக இருந்தது. வாயு உலை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் துண்டு வெட்டும் ஆளைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. உலை நின்றுபோகும் நாளில் முதலில் விசாரிக்க வேண்டியது அவரைத்தான்.

இனி மரத்துக்கு வருவோம். சீமைக்கருவேலம் மெக்சிகோ, கரீபியப் பகுதி, தென் அமெரிக்காவின் வடக்கு ஆகியவற்றைச் சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு யாரோ விமானத்திலிருந்து தூவினார்கள் என்ற கதை ஊர்களில் உண்டு. ஆவணங்களின்படி, சென்னை மாகாணத்தின் வனத்துறை 1877-ல் ஜமைக்கா விதைகளைக் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டது. வறண்ட நிலத்தில் விறகு வேண்டும் என்பதுதான் நோக்கம். அதாவது இதுவே ஒரு விறகு எரிபொருள் திட்டம். மிகவும் வெற்றிபெற்ற திட்டம். அதுதான் பிரச்சினை.

இருப்பும் ஓட்டமும் என்ற பார்வையில் இந்த மரம் ஒரு விசித்திரம். வெட்டினால் குறையாது. தரையோடு அறுத்த தூரிலிருந்து நாலைந்து தண்டுகள் கிளைத்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். காய் இனிப்பு; ஆடும் மாடும் விரும்பித் தின்று, சாணத்தோடு விதையை உரம் சேர்த்து ஊன்றிவிட்டுப் போகும். மண்ணில் கிடக்கும் விதைக்குப் பல ஆண்டு பொறுமை உண்டு. உவரிலும் வளரும். இலையால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று பரவிய பேச்சுக்கு நல்ல சான்று கிடையாது. வேர் ஆழத்துக்குப் போய் நீரை எடுக்கும் என்பது உண்மை. வானம் பார்த்த நிலம் ஒரு பருவம் தரிசாகக் கிடந்தால் மரம் ஏறும். ஏறியதைத் திருத்தும் செலவு ஆண்டுக்காண்டு கூடும். செலவு கூடக்கூட நிலம் தரிசாகவே கிடக்கும். இந்தப் பக்கம் அந்தச் சுற்று ஓட, மறுபக்கம் இன்னொன்று: நெல்லும் குண்டு மிளகாயும் பொய்த்த ஆண்டில் கையில் காசு கொடுப்பது மூட்டம்தான். மழை தவறினாலும் தவறாத ஒரு சேமிப்பு. விவசாயத்தைத் துரத்திய மரமே விவசாயம் தவறியபோது சோறு போடுகிறது. இதை ஒரேயடியாகச் சாபம் என்போரும் வரம் என்போரும் ஆளுக்கொரு சுற்றை மட்டும் பார்க்கிறார்கள்.

2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இம்மரங்களை அகற்றத் தென் மாவட்ட ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டது. பொக்லைன்கள் இறங்கின. சில மாதங்களில் சென்னை அமர்வு, நிபுணர் கருத்து வரும்வரை நிறுத்தச் சொன்னது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்கள் குறித்தும் வாழிட மீட்பு குறித்தும் ஒரு கொள்கையை வெளியிட்டது. இந்த விவாதம் முழுவதிலும் ஒரு யோசனை திரும்பத் திரும்ப வரும்: மரத்தைப் பயன்படுத்தியே ஒழித்துவிடலாம். கரியாக்குவோம், மின்சாரம் எடுப்போம், காசும் வரும், மரமும் போகும்.

இதை ஏற்கனவே செய்து பார்த்த இடங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. கென்யாவின் பாரிங்கோ பகுதி மேய்ச்சல் மக்கள், இந்த இனிப்புக் காயைத் தின்று பல்லிழந்த ஓர் ஆட்டையே சாட்சியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள். அங்கும் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் மரத்தைக் கரியாக்க அனுமதி கொடுத்தார்கள். வெட்டும் வேகத்தைத் துளிர்க்கும் வேகம் தோற்கடித்தது. அஃபாரில், சீமைக்கருவேலக் கரி என்ற பெயரில் உள்ளூர் வேல மரங்களும் மூட்டத்துக்குள் போயின. கரியான பிறகு எது எந்த மரம் என்று யார் பார்ப்பது? அனுமதியைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மரத்தை நம்பி ஒரு தொழில் வளர்ந்துவிட்டால், அந்தத் தொழிலுக்கு மரம் தேவை. மரம் எரிக்கும் மின் நிலையத்துக்கு வங்கியில் கடன் வாங்கியவர், மரம் தீர்ந்துபோவதை எப்படி விரும்புவார்? பயன்படுத்தி ஒழிப்பது என்ற சொற்றொடரின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன.

இங்கே திறனைப் பற்றிய நம் பழக்கமும் தலைகீழாகிறது. பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே நிலக்கரியை வைத்துச் சொன்னார்: எந்திரம் சிக்கனமானால் எரிபொருள் மலிவாகி, மொத்தச் செலவு கூடவும் கூடும். காடு அரிதாக உள்ள இடத்தில் அது கவலை. ஒழிக்க வேண்டிய மரம் மண்டிய இடத்திலோ, ஐந்துக்கு ஒன்று தரும் மோசமான மூட்டம்தான் அதிக மரத்தைத் தின்கிறது என்று வாதாடலாம்! விளையாட்டாகச் சொல்லவில்லை. எதற்காகக் கரி செய்கிறோம் என்பது தீர்மானமாகாதவரை எந்த உலை நல்ல உலை என்று சொல்ல முடியாது. தோப்பாக வைத்து ஆண்டுதோறும் அறுப்பதென்றால், மூட்டத்தைக் கைவிட்டு மூடிய உலைக்கு மாறுவதும், கட்டையைக் காயவைக்க முன்பணத்துக்குப் பதில் கூட்டுறவுக் கடன் கொடுப்பதும் சரி. மரம் மண்டிய கண்மாயை மீட்பதென்றால் கேள்வி கரியைப் பற்றியதே இல்லை, தூரைப் பற்றியது.

காற்றுமண்டலத்தையும் கோட்டுக்குள் கொண்டுவரும்போது ஒரு பொய் ஆறுதல் கழன்றுவிழும். மரம் மறுபடி வளர்வதால் விறகு எரிவது கணக்கில் சேராது என்று பலர் நம்புகிறார்கள். புகைபோக்கியில் அளந்தால், ஆயிரம் மெகாஜூல் வெப்பத்துக்கு விறகு 112 கிலோ கார்பன் டை ஆக்சைடை விடும். நிலக்கரி சுமார் 95, இயற்கை எரிவாயு 56. இவை ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் எண்கள். விறகு வெல்வது மறுவளர்ச்சி என்ற ஒன்றால்தான், அதற்கு ஆகும் காலத்தைப் பொறுத்துத்தான். இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் நிலக்கரியை விட்டு, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வரும் மரக்குளிகைகளை எரிக்கிறது. சர்வதேச விதிப்படி அந்தப் புகை இங்கிலாந்தின் எரிசக்திக் கணக்கில் ஏறாது; மரம் வெட்டிய நாட்டின் நிலக்கணக்கில் ஏற வேண்டும். அந்தக் காட்டு மரம் தன் பழைய உருவத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். நாலு வருடத்தில் துளிர்த்து நிற்கும் சீமைக்கருவேலம் அந்தக் கடனைச் சீக்கிரமே அடைத்துவிடும். ஆனால் மூட்டத்துப் புகையில் மீத்தேன் இருக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிப்பது. மரம் எத்தனை வேகமாக வளர்ந்தாலும் மீத்தேனை உறிஞ்சிக்கொள்ளாது. மூட்டத்தை மூடிய உலையாக்க வேண்டிய வலுவான காரணம் இதுதான், கூடுதலாகக் கிடைக்கும் கரி இல்லை.

நடைமுறையில் இவ்வளவும் ஓர் ஏலக் காகிதத்தில் வந்து முடிகிறது. கண்மாய்க் கருவேலத்தை ஏலம் விடும்போது ஏலம் எடுத்தவர் பார்ப்பது எத்தனை டன் மரம் என்பதை. அவருக்கு எளிதானது தரைக்கு மேலே இருக்கும் தண்டு. தோண்டியெடுக்கக் கடினமானது தூர், ஆனால் கெட்டியான நல்ல கரி அதிலும் உண்டு. தோண்டும் செலவில் ஒரு பங்கை அதுவே திருப்பித் தரும். ஆகவே டன்னுக்கு விலை வைக்காமல், தூரோடு எடுத்து மட்டமாக்கிய பரப்புக்கு விலை வைத்தால் கரி வியாபாரம் கண்மாயின் பக்கம் வேலை செய்யும். முதல் மழைக்குப் பிறகு விதையிலிருந்து கன்றுகள் கொத்துக்கொத்தாக எழும். கையால் பிடுங்கக்கூடிய உயரம் அப்போதுதான். அதில் கரி கிடையாது, விறகு கிடையாது, யாருக்கும் லாபம் கிடையாது. நூறு நாள் வேலைக்காரர்களா, ஏலம் எடுத்தவரின் வைப்புத்தொகையா, ஆயக்கட்டுதாரர்களா, அந்த இரண்டாவது மூன்றாவது ஆண்டு வேலைக்கு யார் பொறுப்பு என்று காகிதத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ஏலத்துக்கு, ஐந்தாவது ஆண்டில் மறு ஏலம் வரும்.